இரண்டு நூல் கூடுதல்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் ரயில் மேம்பாலத்துக்குக் கீழே பழைய சாமான் சந்தை கூடிவிடும். தூணுக்குத் தூண் தார்ப்பாய் விரித்திருப்பார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனமில்லாமல், தூக்கி எறியவும் மனமில்லாமல் ஜனங்கள் தள்ளிவிட்டதெல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். கைப்பிடி போன குடை, ஓடாத சுவர்க்கடிகாரம், ஒற்றைக் காலணி, யாருடையதோ பல்செட். அந்தப் பல்செட்டையும் ஒருவர் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து விலை கேட்பார்.

அந்தச் சந்தைக்கு எட்டு மாதமாக ஒரு வாரம் தவறாமல் வந்துகொண்டிருந்தாள் ஒரு தையல்காரி. ஐம்பதைத் தாண்டிய வயது, ஒடிசலான உடம்பு. குந்தி உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் சத்தம் போடும். துணி, பாத்திரம், கண்ணாடிச் சாமான் எதையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள். இரும்புக் குவியல் எங்கே இருக்கிறதோ நேராக அங்கே போய்க் குந்துவாள். உளி, அரம், இழைப்புளி, கவராயம் என்று கைக்கருவிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, துருவைத் துணியால் தேய்த்து, பின்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்ப்பாள். அவள் தேடியது மூன்று புள்ளிகள். ஆணியால் குத்தினாற்போலச் சின்னதாக, முக்கோணமாக மூன்று புள்ளிகள்.

சந்தைக்காரர்கள் அவளுக்கு 'மூணு புள்ளி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

"மூணு புள்ளி வந்தாச்சுடா, மணி ஏழு," என்பான் மேஜர். அவன்தான் அங்கே பெரிய இரும்புக் கடை. பட்டாளத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்காதவன். இதே சந்தையில் கிடைத்த ஒரு பழைய ராணுவக் கோட்டை மழைக்கும் வெயிலுக்கும் கழற்றாமல் போட்டுக்கொண்டிருந்ததால் மேஜர் ஆகிவிட்டான். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உலகத்துல இருக்கற சாமானுக்கெல்லாம் புள்ளி வெச்சிட்டா போனாரு?"

"போகல தம்பி. வீட்லதான் இருக்காரு," என்பாள் அவள், தலையை நிமிர்த்தாமல்.

அவள் கணவர் ஒரு பவுண்டரியில் பேட்டர்ன் செய்தவர். இரும்பை உருக்கி ஊற்றி ஒரு பம்பு மூடி செய்யவேண்டுமென்றால், முதலில் அதே மாதிரி ஒரு மூடியை மரத்தில் செய்யவேண்டும். அந்த மர உருவை மண்ணில் அழுத்தி எடுத்தால் விழும் பள்ளத்தில்தான் இரும்பை ஊற்றுவார்கள். மர உருவுக்குப் பேர் பேட்டர்ன். அதில் ஒரு மயிரிழை பிசகினாலும் அதிலிருந்து வருகிற ஆயிரம் இரும்பும் பிசகும். அதனால் அந்த மனுஷருக்கு அளவு என்றால் உயிர். ஒருமுறை மூன்று வாரம் செதுக்கிய சக்கரத்தில் அரை நூல் குறைகிறது என்று தன் கையாலேயே உடைத்து அடுப்பில் போட்டார். ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதிக்கு அந்தப் பாடு.

அவர் கருவிகளெல்லாம் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மூன்று புள்ளி குத்தியிருப்பார். வீட்டில் இருந்தது ஒரு அறை, ஒரு சமையலறை. அறையின் ஜன்னலுக்குக் கீழே அந்தப் பெட்டி. அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டு அவள் உட்கார்ந்து, இருபது வருஷம் பள்ளிக்கூடச் சீருடை தைத்தாள். அவள் உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் கருவி வேண்டுமென்றால், "மகாராணி கொஞ்சம் சிம்மாசனத்தை விட்டு எந்திரிக்கணும்" என்பார்.

பெட்டியை அவள் திறந்ததே இல்லை, ஒரே ஒரு தடவை தவிர. கல்யாணமான புதிதில் ஜன்னலுக்குத் திரை தைக்கும்போது நாடாவைக் காணாமல், முதல் நாள் நாடாவால் எடுத்துவைத்த உயரத்துக்கு, பெட்டியிலிருந்து அவருடைய இரண்டடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அளந்து வெட்டினாள். மாட்டிப் பார்த்தால் திரை கிட்டத்தட்ட ஒரு இன்ச் நீளமாகித் தரையில் புரண்டது. அவர் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த ஸ்கேல் துணிக்கு ஆகாதும்மா, இரும்புக்குத்தான்" என்றார். தன் வேலையை மட்டம் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் பெட்டியைத் தொடவும் இல்லை. திரையை மட்டும் ரோஷத்துக்காக அப்படியே விட்டுவைத்தாள்.

போன வருஷம் ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே வாசலில் சரிந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. பத்தொன்பது நாள் ஆகியும் கண் திறக்கவில்லை. பெரிய டாக்டர் கைவிரித்துவிட்டார். "வீட்டுக்குக் கொண்டுபோங்க. எத்தனை நாள்னு சொல்றதுக்கில்ல."

தலைமாட்டைத் தூக்கி இறக்குகிற கட்டிலை வாடகைக்கு எடுத்தார்கள். அது அறைக்குள் நுழையவில்லை. அவருடைய தம்பி, அவளுக்குக் கொழுந்தன், நாடா போட்டு அளந்துவிட்டுச் சொன்னார்: "அண்ணி, பெட்டியை எடுத்தாத்தான் கட்டில் போகும். அண்ணன் இனிமே அதைத் திறக்கவா போறாரு?"

அவள் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையிலும் இல்லை. "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள். பழைய இரும்புக்காரன் இரண்டு ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினான். படியில் பெட்டி இடித்த சத்தம் கேட்டபோது அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவர் போகவில்லை. நாற்பதாம் நாள் கண்ணைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பார்வை ஜன்னலுக்குக் கீழே போய் நின்றது. இன்னும் சில நாளில், கோணிய வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது.

"பெட்டி."

மனுஷர் பிழைத்து வந்து கேட்கிற முதல் வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? விற்றுவிட்டேன் என்றால், நீங்கள் செத்துப்போவீர்கள் என்று நான் நம்பிவிட்டேன் என்று அர்த்தம்.

"பவுண்டரியில பத்திரமா இருக்கு," என்றாள். "ஸ்டோர் ரூம்ல வெச்சுப் பூட்டியிருக்காங்க."

அன்றைக்குச் சொன்ன அந்தப் பொய்தான் அவளைச் சந்தைக்குத் துரத்தியது.

வாரம் இரண்டு நாள் உடற்பயிற்சி கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு வரும். சுறுசுறுப்பான பொண்ணு. அவர் வலது கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்து அமுக்கச் சொல்லும். அவர் பந்தைப் பார்ப்பார், அந்தப் பொண்ணைப் பார்ப்பார், பந்தைக் கீழே உருட்டிவிடுவார். "பெட்டி" என்பார்.

பிசியோ பொண்ணு சமையலறைக்கு வந்து மெதுவாகச் சொன்னது: "ஐயா முரண்டு பிடிக்கறாரும்மா. முதல் வருஷத்துல எவ்வளவு திரும்புதோ அவ்வளவுதான். அதுக்கப்புறம் கை தானா உள்ளுக்குள்ள மூடிக்கும். கைக்குப் பழக்கமான சாமான் எதையாவது குடுத்துப் பாருங்களேன்."

பழைய இரும்புக்காரனைத் தேடிப் போனாள். பெட்டியைக் கவிழ்த்துச் சந்தைக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது என்றான் அவன். அந்த ஞாயிறே மேஜரின் தார்ப்பாயில் ஒரு உளி கிடைத்தது. பின்பக்கம் மூன்று புள்ளி. நடுச்சந்தையில் குந்தியபடியே அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அழுதாள். "அம்மா, வாங்கறீங்களா, பால் குடுக்கறீங்களா?" என்று மேஜர் கேட்டதற்கு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டில், "ஸ்டோர் கீப்பர் இப்போதைக்கு ஒண்ணுதான் குடுத்தாரு, பெரிய சாவி வேற யார்கிட்டயோ இருக்காம்" என்று புளுகிக்கொண்டே நீட்டினாள். அவர் இடது கையில் வாங்கினார். கட்டைவிரல் தானாகப் பின்பக்கம் போய்ப் புள்ளிகளைத் தடவியது. பிறகு, அவள் கண்ணெதிரே, உளியை எடுத்து வலது கைக்குள் திணித்தார். அந்த வாரம் முழுக்க அதைப் பிடிக்கப் போராடினார்.

பிசியோ பொண்ணு ஒரு கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. வலது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் எவ்வளவு விரிக்க முடிகிறது என்று வாராவாரம் அளக்கவேண்டும். அவள் தையல் நாடாவால் அளந்து நாட்காட்டியில் குறித்தாள். முதலில் அரை இன்ச். உளிக்கு அப்புறம் முக்கால். அரம் கிடைத்தபோது ஒன்றேகால். சின்ன இழைப்புளி, மூலைமட்டம், கவராயம் என்று எட்டு மாதத்தில் ஐந்து கருவி கிடைத்தது. கை இரண்டேகால் இன்ச் விரிந்தது. புதிதாக ஒன்று வந்தால் ஒரு வாரம், பத்து நாள் பாடுபடுவார். வராவிட்டால் படுத்துவிடுவார். படுத்த வாரத்தில் அளவு குறையும்.

கவராயத்துக்கு அப்புறம் ஐந்து வாரம் ஒன்றும் அகப்படவில்லை. வருஷம் முடிய இரண்டு மாதம் சொச்சம்தான் இருந்தது. அப்போது அவருக்கு இன்னொரு வார்த்தை வந்தது.

"ஸ்கேல்," என்றார். இடது கையைத் தூக்கி, காற்றில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். "ஸ்கேல்."

அடுத்த ஞாயிறு அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். மேஜரிடம் கேட்டாள்.

"ஸ்கேலா? ரெண்டு இருக்கு. பொண்ணு பாக்கற மாதிரி நிதானமா பார்த்துக்கங்க."

இரண்டுமே இரண்டடி ஸ்டீல் ஸ்கேல்தான். ஒன்று பளபளவென்று இருந்தது. மற்றது கறுத்து, மூலை மழுங்கி, ஒரு நுனியில் காய்ந்துபோன வெள்ளைப் பெயிண்ட் அப்பிக்கிடந்தது. யாரோ பெயிண்ட் டப்பாவைக் கலக்கப் பயன்படுத்தியிருக்கவேண்டும். கறுத்ததைக் கையில் எடுத்ததும் அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ செய்தது. அந்தக் கனம், அந்த மழுங்கல். பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். புள்ளி தெரியவில்லை. பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினாள். அது கல் மாதிரி இருந்தது.

சரி, அளந்து பார்த்துவிடலாம் என்று பையிலிருந்து நாடாவை எடுத்தாள். இருபத்துநான்கு இன்ச். நாடாவில் இருபத்துநான்கு முடிகிற இடத்தைத் தாண்டி, இரண்டு நூல் தள்ளி நின்றது ஸ்கேலின் இருபத்துநான்கு. நாடா இழுத்திருக்குமோ என்று பளபளப்பானதோடு வைத்துப் பார்த்தாள். அது நாடாவோடு கச்சிதமாகப் பொருந்தியது. கறுத்தது மட்டும் இரண்டு நூல் நீளம். ஒவ்வொரு இன்ச்சும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அவள் அதைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னாச்சும்மா?"

"இது தப்பு ஸ்கேல், தம்பி. அளவே சரியில்ல."

"ரெண்டையும் எடுத்துக்கங்களேன். போட்ட இடத்துல கிடக்கட்டும்."

"அவரு யாருன்னு நினைச்சே? அரை நூலுக்கு மூணு வாரத்து வேலையை அடுப்புல போட்டவரு. ரெண்டு நூல் தப்பான ஸ்கேலைக் கையில குடுத்தா அன்னைக்கே முழுப் பேச்சும் வந்துரும், என்னைத் திட்டறதுக்கு."

பளபளப்பானதை வாங்கிக்கொண்டு போனாள். அதில் புள்ளி இல்லை. சமையலறையில் அடுப்பு மேடைமேல் வைத்து, ஆணியையும் கைக்கு அடக்கமான ஒரு கல்லையும் எடுத்து, சத்தம் கேட்காமலிருக்கத் துணி சுற்றி, தானே மூன்று புள்ளி குத்தினாள். இரண்டாவது புள்ளி கொஞ்சம் தள்ளி விழுந்தது. முக்கோணம் கோணிப்போயிற்று. இருந்தாலும் எட்டு மாதத்தில் அவள் அவ்வளவு தெம்பாக அறைக்குள் போனது இல்லை.

"பாருங்க, ஸ்கேல் வந்துருச்சு. இனிமே ஒவ்வொண்ணா எல்லாம் வந்துரும்."

அவர் இடது கையில் வாங்கினார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கோடுகளைப் பார்த்தார். வெளிச்சம் நின்றது. கட்டைவிரல் பின்பக்கம் போய்ப் புள்ளிகளைத் தொட்டது. புதுக்குத்து; விளிம்பு விரலைக் கீறியிருக்கும். திருப்பிப் பார்த்தார். பளிச்சென்று மூன்று புள்ளி.

பிறகு அவளைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் ஜன்னலுக்குக் கீழே பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார்.

"பெட்டி," என்றார். இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. தெரிந்துகொண்டதைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஸ்கேல் கட்டிலிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்து ணங்கென்றது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் உளியையும் தொடவில்லை, அரத்தையும் தொடவில்லை. பிசியோ பொண்ணு கெஞ்சிப் பார்த்தது, சிரிக்க வைத்துப் பார்த்தது, கடைசியில் தானே அவர் விரல்களைப் பிரித்து நீட்டிவிட்டுப் போயிற்று. நாடா இரண்டு இன்ச் காட்டியது. ஆறாம் நாள் ஒன்றே முக்கால்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோல்டர் வந்தார். பவுண்டரியில் மண் அச்சு பிடிப்பவர். பதினைந்து வருஷமாகக் கணவருடைய கூட்டாளி. மாதம் ஒரு தரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்.

"என்னண்ணே, சுவத்துல படம் ஓடுதா? கொஞ்சம் தள்ளுங்க, நானும் பாக்கறேன்," என்றார். தையல் மெஷினுக்குக் கீழே கிடந்த ஸ்கேல் அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். "இது யாருது?"

"அவருதுதான்," என்றாள் அவள்.

மோல்டர் ஸ்கேலைத் திருப்பிப் பார்த்தார். அவளைப் பார்த்தார். எழுந்து சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார். "அண்ணி, என்கிட்டயுமா? பவுண்டரி ஸ்டோர்ல பெட்டி கிட்டின்னு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் எதையோ நம்பிக்கிட்டு இருக்காரு, கெடுக்க வேணாம்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இருந்தாலும் கடை ஸ்கேலைக் கொண்டாந்து அவருதுன்னு குடுத்தா எப்படி?"

"கடை ஸ்கேல்னா? அளந்து பார்த்துத்தான் வாங்கினேன். சரியா இருந்துச்சு."

"அதான் சொல்றேன். சரியா இருந்தா அது அவரு ஸ்கேல் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. அவர் ஒரு டம்ளரை எடுத்து மேடையில் வைத்தார். "இதை இரும்புல ஊத்தறோம்னு வைங்க. கொதிக்கக் கொதிக்க ஊத்தும்போது இந்த அளவு இருக்கும். ஆறினா இரும்பு சுருங்கிரும். அடிக்கு ஒரு நூல். அப்போ மர உருவை முதல்லயே கொஞ்சம் பெரிசா செஞ்சாத்தானே, ஆறினப்புறம் அளவுக்கு வரும்? ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் பேட்டர்ன்காரங்களுக்குத் தனி ஸ்கேல். அதுல ஒவ்வொரு இன்ச்சும் கொஞ்சம் நீளம். ரெண்டடிக்கு ரெண்டு நூல் கூடுதல். பார்வைக்கு மத்த ஸ்கேல் மாதிரியேதான் இருக்கும்."

அவள் மேடையைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு நூல். கறுத்த ஸ்கேல். மழுங்கின மூலை. கையில் எடுத்த கணத்தில் உள்ளுக்குள் ஏதோ செய்ததே.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கீங்க, இது தெரியாதா அண்ணி?"

"அவரு வேலை அவருக்கு, என் வேலை எனக்குன்னு இருந்துட்டோம்," என்றாள். அறைப்பக்கம் பார்த்தாள். ஜன்னல் திரை தரையில் புரண்டுகொண்டிருந்தது. அவருக்கு அன்றைக்கு ஏன் அப்படிச் சிரிப்பு வந்தது என்று இப்போதுதான் விளங்கியது.

இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மேஜர் தார்ப்பாய் விரிப்பதற்கு முன்பே தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மூணு புள்ளி ராத்திரி இங்கயே தங்கிட்டீங்களா?"

"அந்தக் கறுப்பு ஸ்கேல் எங்க தம்பி?"

"எது?"

"பெயிண்ட் ஒட்டினது. போன வாரம் வேணாம்னு வெச்சேனே."

"ஓ, அதுவா." மேஜர் ஒரு டப்பாவைத் துழாவினான். "நீங்கதானே தப்பு ஸ்கேல்னு சொன்னீங்க. அளவு தப்பான ஸ்கேலை எவன் வாங்குவான்? இரும்பு நல்ல இரும்பு, வீணாப் போகுதேன்னு நாலா வெட்டி முனையைத் தீட்டி, சுவர் சுரண்டறதுக்கு ஆக்கிட்டேன். பெயிண்ட்டர் பசங்க வந்து மூணை எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணுதான் இருக்கு."

அவன் நீட்டியது ஆறு இன்ச்கூட இல்லை. ஒரு முனை சாய்வாகத் தீட்டப்பட்டிருந்தது. மறுமுனையில் கைப்பிடிக்காகக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து டேப்பைப் பிரித்தாள். அடியில் அந்தக் காய்ந்த வெள்ளைப் பெயிண்ட். பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அதன் நுனியால் சுரண்டினாள். மேஜரும் குனிந்து பார்த்தான். ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. மேலே மூன்றாவது.

மேஜர் நிமிர்ந்தான். கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றான். "போன வாரம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். அவள் சொன்ன ஒரு வார்த்தையால்தான் இப்படி ஆயிற்று என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்குப் போனதும் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவர் முதுகைப் பார்த்துத்தான் பேசினாள்.

"பெட்டியை வித்துட்டேன். கட்டில் போட இடம் இல்ல. டாக்டர் நீங்க பிழைக்கமாட்டீங்கன்னு சொன்னாரு. எல்லாரும் சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன்." துண்டைப் பையிலிருந்து எடுத்தாள். "திறந்துகூடப் பார்க்கல. வாராவாரம் சந்தையில தேடித்தான் ஒவ்வொண்ணா கொண்டாந்தேன். உங்க ஸ்கேல் போன வாரம் என் கையில இருந்துச்சு. நாடாவுக்குச் சரியா வரலன்னு நானே தப்புன்னு சொல்லிக் கீழ வெச்சிட்டேன். வெட்டிட்டாங்க. இதுதான் மிச்சம்."

துண்டை அவர் தோளுக்கு முன்னால், சுவருக்கும் அவருக்கும் நடுவில் வைத்தாள்.

ரொம்ப நேரம் கழித்து இடது கை அசைந்தது. துண்டை எடுத்தது. கட்டைவிரல் புள்ளிகளைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது. அவர் மெதுவாக மல்லாந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றின்மேல் கிடந்த வலது கையைப் பார்த்தார். துண்டின் தீட்டிய முனையை வலது கட்டைவிரலில் முட்டுக்கொடுத்து, ஆள்காட்டி விரல் எங்கே நிற்கிறதோ அந்தக் கோட்டை உற்றுப் படித்தார். துண்டு பதினெட்டரையிலிருந்து ஆரம்பித்தது.

"இருபது," என்றார்.

ஒன்றரை இன்ச். அடுத்த தடவை வந்தபோது, புது வார்த்தை வந்துவிட்டது என்று பிசியோ பொண்ணு கைதட்டியது. அவள் கைதட்டவில்லை.

அதற்கப்புறம் அவர் பெட்டி என்று கேட்டதில்லை. கருவிகளை வைத்துப் பயிற்சி செய்யவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சந்தையிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, தலையணைக்கு அடியிலிருந்து துண்டை எடுத்துத் தன் கையைத் தானே அளப்பார். அளந்து சொல்வார், ஏதோ மரப்பலகையை அளப்பதுபோல. பத்தொன்பதே முக்கால். பத்தொன்பதரை. மூன்று வாரம் அதிலேயே நின்றது. அவள் நாட்காட்டியில் எழுதுவதை விட்டுவிட்டாள். பிறகு ஒரு நாள் பத்தொன்பது.

"விடாதீங்க. இன்னும் ஒரு மாசம் இருக்கு," என்றாள். அவர் துண்டைத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு விரலுக்கும் நடுவில் துண்டை நுழைக்க இடம் இருக்கவில்லை. அவர் எந்த எண்ணும் சொல்லவில்லை. துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டார். பிசியோ பொண்ணு அடுத்த வாரம் வந்து, உள்ளங்கையில் நகம் குத்தாமலிருக்கத் துணியைச் சுருட்டி எப்படி வைப்பது என்று காட்டிவிட்டு, இனிமேல் தான் வரவேண்டியதில்லை என்று சொல்லிப் போயிற்று. அவள் சீருடைத் துணி மிச்சத்தில் சின்னச் சின்னச் சுருளாக ஒரு டஜன் தைத்து வைத்தாள்.

அதற்கடுத்த மாதம் அவளுக்கு ஒரு சின்னச் சுத்தியல் கிடைத்தது. மூன்று புள்ளியோடு. பழைய பழக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் இடது கையில் வாங்கி, புள்ளியைத் தடவி, வலது கையைப் பார்த்தார். துணிச்சுருளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அது பேசாமல் கிடந்தது. அவர் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. சுத்தியலைப் பிடுங்கி மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள்.

இருந்தாலும் அவள் சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை.

"மூணு புள்ளி வந்தாச்சு," என்பான் மேஜர். இப்போதெல்லாம் மெதுவாகத்தான் சொல்கிறான். "வீட்டுக்காரர் எப்படியிருக்காரு?"

"இருக்காரு."

"இன்னும் எதும்மா தேடறீங்க?"

"தேடல தம்பி. ஞாயித்துக்கிழமை வீட்ல உக்கார முடியல."

போன வாரம் குவியலுக்கு அடியில் ஒரு வளைந்த உளி வந்தது. கைப்பிடி கறுத்து, கை பட்டுப் பட்டு வழுவழுப்பாக இருந்தது. அவள் துருவைத் தேய்த்தாள். பின்பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள். விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

மேஜர் அந்தப் பக்கம் ஒரு ஆளோடு பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவள் உளியைக் குவியலுக்கு அடியில், எடுத்த இடத்திலேயே வைத்தாள். மேலே இரண்டு அரத்தை எடுத்துப் போட்டு மூடினாள். எழுந்தபோது முழங்கால் சத்தம் போட்டது.